வீட்டு வலையமைப்புக்கோர் ஆளி

முன்னாளில் நம்மவர் வீட்டிற்கு வாயில்கள் இரண்டு. தலைவாயிலால் விருந்தினர் வருவர். புறக்கடையால் வீட்டார் கிணற்றடிக்கும் மாட்டுப்பட்டிக்கும் செல்வர். இரண்டிற்கும் கதவுண்டு, தாழுமுண்டு. இந்நாளில் மூன்றாவது வாயிலொன்றும் உண்டாகியிருக்கின்றது. அது கண்ணுக்குப் புலனாகாதது. இரவென்றும் பகலென்றும் பாராது திறந்திருப்பது. அதனூடாக உலகம் வீட்டினுள் வருகின்றது. வீட்டிலுள்ளனவும் உலகிற்குச் செல்கின்றன. இணையம் என்பதே அவ்வாயிலின் பெயர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நோய்த்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் அமர்ந்து பாடங் கேட்ட காட்சியை நாம் எல்லோரும் கண்டோம். அன்று ஒன்றாயிருந்தது இன்று பலவாகிவிட்டது. கணினி, தொலைக்காட்சி, கண்காணிப்புக் கமரா, வெளிநாட்டிலுள்ள தந்தையோடு முகம்பார்த்துப் பேசுங் கருவி என வீடுதோறும் இணையத்தை நாடும் பொருள்கள் பெருகியுள்ளன. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், வெருகலாற்றுக்கு வடபால் அமைந்த ஈச்சிலம்பற்றுப் போன்ற ஊர்களும் இதற்கு விலக்கல்ல.

இவற்றோடு சிறப்பாகக் கருத வேண்டிய பொருளொன்றுண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளும், 2006ஆம் ஆண்டின் இடப்பெயர்வும் இப்பகுதி மக்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துச் சென்றன. உயிரோடு தப்பியவர்களுட் பலர் பிறப்புச் சாட்சிப் பத்திரமும், காணி உறுதியும், பரீட்சைச் சான்றிதழும் இல்லாதவராய்க் கந்தோர் கந்தோராக அலைந்தனர். ஆதலின் இன்று அறிவுள்ள குடும்பத்தார் அப்பத்திரங்களின் படிகளையும் குடும்பப் படங்களையும் கணினியிலோ, வலையமைப்பிற் பூட்டிய சேமிப்புப் பெட்டியொன்றிலோ வைத்துப் பேணுகின்றனர். அப்பெட்டியும், அயலார் பிள்ளைகள் கொண்டுவருங் கருவிகளும், மலிவாக வாங்கிய கமராவும் ஒரே வலையில் ஒன்றோடொன்று தடையின்றிப் பேசுமாயின், பெட்டகத்தைத் தெருத்திண்ணையில் வைத்ததற்கு அது நிகராகும்.

இத்தகைய வீடுகளிலே பயன்படும் சிறியதோர் கருவியைத் தெரிந்தெடுக்கும் முறையையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம். கடைகளிலே அதனை ‘மனேஜ்ட் கிகாபிட் சுவிச்சு’ என்பர். இக்கட்டுரையின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுவாம்: அதனை வாங்குவோர் வாங்குவது வேகத்தையன்று, ஒழுங்கையே. அவ்வொழுங்கை அமைத்துக் காப்பதற்கு ஆளில்லாத வீட்டில் அஃது ஒரு வீண்பொருள்.

பெயரும் தொழிலும்

சுவிச்சு என்பதற்கு இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘ஆளி’ என்னும் சொல் வழங்குகின்றது. ‘ஆள்’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. வடம் வந்து செருகும் துவாரத்தைத் ‘துறை’ என்பர். இயற்கைத் துறைமுகத்தின் பெயரால் உலகறிந்த இம்மாவட்டத்தார்க்கு அச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. கப்பல் துறையில் அணைவதுபோல வடம் துறையில் அணைகின்றது. வீட்டு வலையையும் வெளியுலகையும் இணைத்து நிற்கும் ‘றவுட்டர்’ என்னும் பெட்டியை ‘வழிப்படுத்தி’ என்போம். இம்மூன்று சொற்களும் விளங்கினால் மற்றவை எளிதில் விளங்கும்.

கணினிகளை வடத்தாற் பிணைக்கும் ‘ஈதர்நெற்’ என்னும் முறையை, 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செராக்ஸ் நிறுவனத்து ஆய்வுகூடத்திலே றொபேட் மெட்காஃப், டேவிட் பொக்ஸ் என்னும் இருவர் உருவாக்கினர். தொடக்கத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே வடத்தைப் பங்கிட்டுக் கொண்டன. பின்னர் ‘ஹப்’ என்னும் பெட்டி வந்தது. அதுவும் ஒரு துறையில் வந்த செய்தியை ஏனைய துறைகள் அனைத்திற்கும் வீசுவதன்றி வேறொன்றும் அறியாது. இருவர் ஒரே வேளையிற் பேசினால் இருவர் பேச்சுங் குழம்பும். இருவரும் நிறுத்திப் பின்னர் மீண்டுந் தொடங்க வேண்டும்.

திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் பெருவீதியிலே பாலங்கள் எழுமுன் பயணஞ் செய்தோர்க்கு இந்நிலை நன்கு விளங்கும். அங்கே இழுவைப்பாதை ஒன்றே. அக்கரையில் நின்று அது புறப்பட்டுவிட்டால் இக்கரையிலுள்ள பேருந்தும் மாட்டுவண்டியும் நோயாளியை ஏற்றிய வாகனமும் ஒருங்கே காத்துநிற்க வேண்டும். ஹப் என்பது இழுவைப்பாதை. ஆளி என்பதோ, ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிப் பாலம் அமைத்ததற்கு ஒப்பாகும்.

அப்பாலத்தை முதன்முதல் அமைத்து விற்றது ‘கல்பனா’ என்னும் பெயருடைய அமெரிக்க நிறுவனம் என்பதை நம்மவர் அறிந்தால் மகிழ்வர். இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் என்பவரும் லாறி பிளேயர் என்பவரும் அதனைத் தொடங்கினர். பரத்வாஜின் மனைவியார் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. நாம் ‘கற்பனை’ என வழங்குஞ் சொல்லும் அதுவே. 1990ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 7 துறைகளையுடைய ஆளியை வெளியிட்டது. 1994ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை வாங்கிக்கொண்டது.

ஆளியின் தொழில் பின்வருமாறு: ஈதர்நெற் வலையிற் பூட்டப்படும் ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள முகவரியொன்று உண்டு. ஒரு துறையால் ஒரு பொதி வந்தவுடன், அதனை அனுப்பிய கருவியின் முகவரியை ஆளி தன் நினைவிற் குறித்துக்கொள்ளும். பின்னர் அம்முகவரிக்கு வரும் பொதியை அத்துறைக்கு மாத்திரமே விடுக்கும். முகவரி தெரியாத பொதியையும், எல்லோர்க்குமென வந்த பொதியையும் மாத்திரம் எல்லாத் துறைகளுக்கும் அனுப்பும். ஊரை நன்கறிந்த தபாற்காரர் செய்வது போன்ற செயல் இது.

வேகம் எத்துணை?

கிகாபிட் என்பது நொடிக்கு நூறு கோடி பிட் ஆகும். நம் வீடுகளில் வழங்கும் செப்பு வடத்தில் 100 மீற்றர் தூரம்வரை அவ்வேகத்திற் செலுத்துவதற்கான நியமம் 1999ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. வடத்தினுள்ளே 4 சோடிக் கம்பிகள் உள்ளன. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்திற்கு அவற்றுள் 2 சோடி போதும். கிகாபிட்டிற்கு 4 சோடியும் வேண்டும். ஆகவே எலி கடித்தோ, தலைப்பூட்டிற் பிழையாகப் பொருத்தியோ ஒரு கம்பி அற்றிருந்தால், பெரும்பாலும் இணைப்பு முற்றாக அறாது 100 மெகாபிட்டிற்கு இறங்கி நிற்கும். ஆளி புதியதாயிருந்தும் வேகம் வரவில்லையெனில் முதலில் வடத்தைச் சோதிக்க வேண்டும். ‘கற் 5ஈ’ அல்லது ‘கற் 6’ என அச்சிட்ட, முழுச் செப்பாலாய வடமே தக்கது. அலுமினியத்திற்குச் செப்பு முலாம் பூசிய வடத்தை விலக்குதல் நன்று.

இங்கே பலர் மயங்குமிடம் ஒன்றுண்டு. கிகாபிட் ஆளியை வாங்கினால் இணையம் விரையும் என எண்ணுகின்றனர். விரையாது. ஊருக்குள் அகன்ற வீதி அமைத்தாலும் ஆற்றைக் கடப்பதற்கு இழுவைப்பாதைதான் உண்டென்றால், கரையிற் காத்திருக்குங் காலம் குறையுமா? இணைய நிறுவனம் நொடிக்கு 20 மெகாபிட் தருமாயின், வீட்டினுள் எவ்வளவு விரைவான ஆளி இருப்பினும் வெளியுலகிலிருந்து வருவது அந்த 20தான். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் பயணம் மாறியது போல, ஒளியிழை வந்தால் அந்நிலை மாறும், ஆளியால் மாறாது.

வீட்டினுள் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும்பொருளைக் கொண்டுசெல்லும்போதே கிகாபிட்டின் பயன் தெரியும். 10 கிகாபைட் அளவுள்ள கலியாண வீடியோவைச் சேமிப்புப் பெட்டிக்கு மாற்றுவதாகக் கொள்வோம். 100 மெகாபிட் வேகத்தில் அதற்கு 800 நொடி, அஃதாவது 13 நிமிடத்திற்கு மேலாகும். கிகாபிட்டில் 80 நொடி போதும். நடைமுறையில் இரண்டும் சற்று நீளும், விகிதம் மாறாது. மாறாக, சாதாரணக் கமராவொன்று நொடிக்கு 4 மெகாபிட் அளவிற் படம் அனுப்புமாயின், நான்கு கமராவும் சேர்ந்து அனுப்புவது 16 மெகாபிட்டே. அதற்குக் கிகாபிட் வேண்டுவதேயில்லை. எனினும் இன்று இவ்விரண்டு வகைக்குமிடையே விலை வேறுபாடு சிறிதாதலின், புதிதாக வாங்குவோர் கிகாபிட்டையே வாங்கலாம்.

மூவகை ஆளிகள்

முதல்வகை, மேலாண்மையில்லாத ஆளி. பெட்டியிலிருந்து எடுத்து மின்னிற் பூட்டியவுடன் வேலை செய்யும். அதனோடு பேசுவதற்கு வழியில்லை. பேச வேண்டிய தேவையுமில்லை. அதனை ஆள்வார் எவருமிலர். இரண்டாம் வகை, ‘ஸ்மார்ட்’ என்றோ ‘ஈசி ஸ்மார்ட்’ என்றோ பெயர் பெற்று வருவது. கணினியில் உலாவியைத் திறந்து அதன் முகவரியை எழுதினால் ஒரு பக்கம் தோன்றும். அதில் வேண்டியவற்றை அமைக்கலாம். மூன்றாம் வகை, அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய முழு மேலாண்மை ஆளி. விலையும் பெரிது, கற்க வேண்டியதும் பெரிது. வீட்டிற்குரியது இரண்டாம் வகையே.

அவ்வகை தரும் வசதிகளுள் நான்கு கருதத்தக்கன.

முதலாவது, வலையைப் பகுத்தல். ‘வீலான்’ எனச் சுருக்கமாக வழங்கும் இம்முறைக்கு 1998ஆம் ஆண்டில் ‘802.1கியூ’ என்னும் நியமம் ஏற்பட்டது. ஒரே வளவை வேலியிட்டு மூன்றாகப் பிரிப்பதாக எண்ணுக. வளவு ஒன்றே, மண் ஒன்றே, ஆயினும் ஒரு பகுதியிலுள்ள ஆடு மறுபகுதிக் கத்தரிச் செடியைக் கடிக்க இயலாது. ஆளியும் ஒரே பெட்டியாயிருந்தே தன் துறைகளை இவ்வாறு வேலியிட்டுப் பிரிக்கின்றது. இரு ஆளிகளுக்கிடையே ஒரே வடத்திற் பல பகுதிகளின் பொதிகளும் செல்ல வேண்டின், ஒவ்வொரு பொதியிலும் அது எப்பகுதிக்குரியதெனக் காட்டும் இலக்கச் சீட்டொன்றை ஒட்டி அனுப்பும். 1 முதல் 4094 வரையுள்ள இலக்கங்களை இதற்குப் பயன்படுத்தலாம். வீட்டிற்கு மூன்றே மிகை.

இரண்டாவது, சுழற்சியைத் தடுத்தல். சிறுபிள்ளையொன்று கீழே கிடந்த வடத்தின் இருமுனைகளையும் ஒரே ஆளியின் இரு துறைகளிற் செருகிவிட்டதென வைத்துக்கொள்வோம். எல்லோர்க்குமெனப் புறப்பட்ட பொதி ஒரு துறையாற் சென்று மறுதுறையால் மீண்டுவந்து, முடிவின்றிப் பெருகி, சில நொடிகளில் வீட்டு வலை முழுவதையும் முடக்கிவிடும். இதனைத் தவிர்க்கும் முறையொன்றை 1985ஆம் ஆண்டில் றேடியா பேள்மன் என்னும் அம்மையார் வகுத்தார். மலிவான ஸ்மார்ட் ஆளிகளுட் பல அம்முறையை முழுமையாகக் கொள்ளாவிடினும், சுழற்சியைக் கண்டு அத்துறையை அடைக்கும் வசதியையேனும் கொண்டிருக்கும்.

மூன்றாவது, முந்துரிமை. பரீட்சைக்காலத்திற் பிள்ளை நேரலையிற் பாடங் கேட்கும்போது, வேறொருவர் படம் இறக்குவதால் அது தடைப்படாதிருக்கச் சில துறைகளுக்கு முதலிடமோ, சிலவற்றுக்கு வேக எல்லையோ வகுக்கலாம். நான்காவது, கணக்கு. எத்துறையில் எத்தனை பொதி சென்றது, எத்தனை பழுதுற்றது, எவ்வேகத்தில் இணைந்துள்ளது என்பனவற்றை அது காட்டும். பழுதான வடத்தைக் கண்டுபிடிக்க இக்கணக்கே துணை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

ஈச்சிலம்பற்றில் ஒரு வீட்டை மனத்திற் கொள்வோம். உள்ளே உயர்தர வகுப்பு மகனின் கணினியும், மேற்கூறிய சேமிப்புப் பெட்டியும், தொலைக்காட்சியும் உள்ளன. முன் விறாந்தையிலே மாலைதோறும் அயற்பிள்ளைகளுக்கு வகுப்பு நடைபெறுகின்றது. அங்கே ஒரு கணினியும் ஒளியெறிகருவியும் உண்டு. வளவிலே நான்கு கமராக்களும் அவற்றின் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டியும் உண்டு. இவ்வீட்டுக்கு மூன்று வேலிகள் வேண்டும்: குடும்பத்துக்கொன்று, வகுப்புக்கொன்று, கமராவுக்கொன்று.

கமராவுக்கு ஏன் தனிவேலி? 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல் உலகெங்குமுள்ள கமராக்களையும் வழிப்படுத்திகளையும் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. அது செய்த சூழ்ச்சி பெரிதொன்றுமன்று. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்ட கருவிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததே. அவ்வாண்டு ஒற்றோபர் 21ஆந் திகதி, அக்கருவிகளின் பெருந்தாக்குதலால் அமெரிக்காவிலே புகழ்பெற்ற பல இணையத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. உரிமையாளர்களோ தம் கமரா அக்குற்றத்திற் பங்குபற்றியதை அறிந்திலர். வீட்டைக் காக்க வைத்த கருவியே கள்வனுக்குக் கதவு திறக்கக் கூடுமாதலின், அதனைக் காணி உறுதியிருக்கும் பெட்டியோடு ஒரே பட்டியில் அடைத்தலாகாது.

நிற்க. இவ்விடத்தில் விற்பனையாளர் பலர் கூறாது விடும் இரு செய்திகளைக் கூறவேண்டும்.

ஒன்று, வேலியிட்டாற் போதாது. ஒவ்வொரு பகுதிக்கும் படலை வேண்டும். மூன்று பகுதிகளும் இணையத்துக்குச் செல்வதாயின், ‘802.1கியூ’ சீட்டைப் படித்து ஒவ்வொரு பகுதிக்கும் தனிவழி திறக்கவல்ல வழிப்படுத்தி வேண்டும். இணைய நிறுவனங்கள் வீடுகளுக்கு வழங்கும் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் வீட்டார் அவ்வாறு அமைப்பதற்கு இடமில்லை. அந்நிலையில் ஒரு மாற்றுவழி உண்டு. சில ஸ்மார்ட் ஆளிகளில், ஒவ்வொரு துறையும் வழிப்படுத்தி பூட்டிய துறையோடு மாத்திரமே பேசலாம், தம்முட் பேசலாகாது என அமைக்கும் வசதி இருக்கின்றது. வாங்குமுன் இவ்வசதி உண்டாவென உசாவுதல் வேண்டும். அது முழுவேலியன்று, ஆயினும் வெறுவெளியினும் நன்று.

மற்றொன்று, ஆளி தன்னூடாகச் செல்வதையே ஆளும். வழிப்படுத்தியின் வைஃபை வழியாக இணையும் தொலைபேசிகள் இணையத்தோடு பரிமாறும் பொதிகள் ஆளியைத் தொடுவதேயில்லை. ஆகவே வகுப்புப் பிள்ளைகளின் தொலைபேசிகளைப் பிரிக்க வேண்டுமெனில், ஒன்றில் வழிப்படுத்தியிலுள்ள ‘விருந்தினர் வைஃபை’ வசதியைப் பயன்படுத்த வேண்டும். அன்றேல் சீட்டறியும் வைஃபைப் பெட்டியொன்றை ஆளியிற் பூட்ட வேண்டும். பல வீடுகளுக்கு முன்னையதே போதும், அதற்குச் செலவுமில்லை.

தெரியும் முறை

இனி, கடைக்குச் செல்வோம். செல்லுமுன் ஒரு தாளில் வீட்டின் படத்தை வரைந்து, வடத்தால் இணைய வேண்டிய கருவிகளை எண்ணுதல் வேண்டும். அத்தொகையோடு வழிப்படுத்திக்கு ஒன்றும், வருங்காலத்துக்கு இரண்டும் கூட்டுக. மேற்கூறிய வீட்டில் கமராக்கள் தம் பதிவுப்பெட்டியிலேயே பூட்டப்பட்டிருந்தால், கணினி இரண்டு, சேமிப்புப் பெட்டி, தொலைக்காட்சி, பதிவுப்பெட்டி என ஐந்தாகும். மூன்று கூட்டினால் எட்டு. 5 துறை ஆளி விரைவில் நிறைந்துவிடும். 16 துறை வீட்டுக்கு மிகை. 8 துறையே பெரும்பாலார்க்கு அளவானது. ரி.பி.-லிங்க் ரி.எல்.-எஸ்.ஜி.108ஈ, நெட்கியர் ஜி.எஸ்.308ஈ, டி-லிங்க் டி.ஜி.எஸ்.-1100-08, சைசெல் ஜி.எஸ்.1200-8 என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் எதனையும் நாம் சிபாரிசு செய்கின்றோமல்லோம். பெயர் தெரிந்தால் விலையும் குணமும் ஒப்பிடலாம் என்பதற்கே குறித்தோம்.

‘கொள்ளளவு நொடிக்கு 16 கிகாபிட்’ எனப் பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு வியக்க வேண்டா. 8 துறையும் ஒரே வேளையில் அனுப்பவும் பெறவும் வல்லனவாயின் 8ஐ இரண்டாற் பெருக்கிய தொகை அதுவே. இவ்வகை ஆளிகளிற் காணப்படும் வழமையான அளவு அது.

அதனினும் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை வேறு. மேலாண்மைப் பக்கம் எந்த உலாவியிலும் திறக்குமா, அன்றி ஒருவகைக் கணினியில் மட்டுமே இயங்கும் தனிமென்பொருள் வேண்டுமா என வினவுக; உலாவியில் திறப்பதே நன்று. அப்பக்கத்தைக் குடும்பப் பகுதியிலிருந்து மாத்திரமே திறக்குமாறு வரையறுக்க இயலுமா என்றும் பார்க்க. சில மலிவான ஆளிகளில் எப்பகுதியிலிருந்தும் அது திறக்கும். அங்கே கடவுச்சொல் ஒன்றே காவல். உற்பத்தியாளர் இன்றுவரை திருத்திய உள்மென்பொருளை வெளியிடுகின்றாரா என்பதும், உத்தரவாதம் இந்நாட்டிலேயே செல்லுமா என்பதும் விலையைவிடப் பெரிய வினாக்கள்.

விசிறியில்லாத ஆளியே வீட்டுக்கேற்றது. அது ஓசை செய்யாது. விசிறி இழுக்கும் புழுதியும் பல்லியும் அதனுட் புகா. தகரக் கூரையின் கீழ் வெப்பம் மிகுதியாதலின், உலோக உறையுடையது வெப்பத்தைச் செவ்வனே வெளியேற்றும். 5 வாற்று அளவில் இரவும் பகலும் இயங்கும் ஆளி 30 நாளில் உண்ணும் மின் 3.6 அலகு, மின்பட்டியலை அது பெரிதும் உயர்த்தாது.

கமராவுக்கு வடத்தின் வழியே மின்னும் கொடுக்கும் ‘பி.ஓ.ஈ.’ ஆளிகளும் உண்டு. 2003ஆம் ஆண்டு நியமப்படி ஒரு துறை 15.4 வாற்றும், 2009ஆம் ஆண்டு நியமப்படி 30 வாற்றும் வழங்கலாம். ஆயின் துறைக்குரிய அளவைப் பார்த்து மயங்காது, பெட்டி முழுவதற்குமுரிய மொத்த வாற்றைப் பார்க்க வேண்டும். கமராவொன்றுக்கு 6 வாற்று எனின் நான்கிற்கு 24. மொத்தம் அதற்கு இருமடங்காயிருப்பது பாதுகாப்பு. இரவில் கமராவின் செங்கீழ் விளக்குகள் எரியும்போது செலவு கூடும்.

இடியும் இருளும் வெள்ளமும்

வெளிநாட்டுச் சஞ்சிகைகள் எழுதாத, நம்மூருக்கேயுரிய குறிப்புகள் சிலவுண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பருவம் மாறுங்கால் இடிமின்னல் மிகும். இரு கட்டடங்களுக்கிடையே ஓடும் நீண்ட செப்பு வடம் மின்னலின் அதிர்ச்சியை ஆளிக்குள் இழுத்துவரும். வீட்டுக்கும் தனியே நிற்கும் வகுப்புக் கொட்டிலுக்கும் இடையே இணைப்பு வேண்டின் ஒளியிழையே தக்கது. கண்ணாடியாதலின் அது மின்னைக் கடத்தாது. அத்தேவை உள்ளவர் ஒளியிழைப் பொருத்து ஒன்றேனும் உள்ள ஆளியைத் தெரிந்தெடுக்க. வானம் இருண்டவுடன் மின்செருகியையும், வெளியிலிருந்து வரும் வடங்களையும் கழற்றி வைக்கும் பழக்கத்துக்கு இணையான காப்பு வேறில்லை.

2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறவார். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் ஒருங்கே இருண்டது. ஆளிக்கும் வழிப்படுத்திக்கும் வேண்டுவது சிறிதளவு மின்னே. அவற்றின் அடப்ரரில் 5, 9, 12 என எவ்வளவு வோல்ற்று எழுதியிருக்கின்றதெனப் பார்த்து, அதே வோல்ற்றுத் தரும் சிறு மின்கலப் பெட்டியைப் பொருத்தினால் சில மணிநேரம் தாங்கும். வோல்ற்று மாறினால் கருவி எரியும். மற்றுமொன்று: சில ஆளிகளில் அமைப்புகளை மாற்றியபின் ‘சேமி’ என்னும் கட்டளையைத் தனியே கொடுக்க வேண்டும். கொடாவிடின் முதல் மின்தடையோடு வேலிகள் மறைந்து, எல்லாத் துறையும் மீண்டும் ஒரே வெளியாகிவிடும். விளக்குகள் முன்போல மினுங்குவதால் வீட்டார் அதனை அறியார்.

மாரியில் ஆறு பெருகும் ஊர்களில் ஆளியைத் தரையிலோ மேசைக்கீழோ வைத்தலாகாது. தோளுயரத்திற் சுவரிற் பொருத்துக. கடற்காற்று வீசும் சாளரத்தருகும் வேண்டா. உப்பீரம் துறைகளின் பொன்னிறத் தொடுகைகளை நாளடைவில் அரிக்கும். சேமிப்புப் பெட்டியிலுள்ள பத்திரங்களின் மற்றொரு படி வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் இருத்தல் வேண்டும். எந்த ஆளியும் வெள்ளத்தைத் தடுக்காது.

யாவர்க்கு வேண்டா?

ஒரு வழிப்படுத்தியும் நான்கு தொலைபேசியும் மாத்திரமுள்ள வீட்டுக்கு ஆளியே வேண்டா. துறைகள் போதாமை ஒன்றே குறையாயின் மேலாண்மையில்லாத ஆளி போதும். மிஞ்சும் பணத்திற்கு நல்ல வடமும் மின்கலப் பெட்டியும் வாங்கலாம். சேமிப்புப் பெட்டி, பிறர் வந்துபோகும் வகுப்பு, கமரா என்பனவற்றுள் இரண்டேனும் ஒரே கூரையின் கீழ் இருந்து, அமைப்பைக் கற்க ஒருவரேனும் ஆயத்தமாயிருந்தால் மேலாண்மை ஆளி தகும்.

வாங்கியபின் செய்ய வேண்டியவற்றை முறைப்படுத்திக் கூறின்: முதலில் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுக. அடுத்து, ஒவ்வொரு வடத்திலும் துறை இலக்கத்தை எழுதி ஒட்டுக. வேலிகளைத் தாளில் வரைந்த பின்னரே திரையில் அமைக்க; நாம் அமர்ந்திருக்கும் துறையையே வேலிக்கப்பால் தள்ளிவிட்டால் உள்ளே செல்ல வழியின்றி, ஊசியால் மீளமைப்புத் துளையை அழுத்தித் தொடக்கத்திலிருந்து தொடங்க நேரும். அமைப்பின் படியொன்றைக் கணினியிற் சேமிக்க. கடவுச்சொல்லைக் கொப்பியொன்றில் எழுதிக் காணி உறுதியோடு வைக்க.

இறுதியாக, பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கடல் கடந்து வாழும் நம் அன்பர்கள் ஊரிலுள்ள வீட்டிற்கும், கற்ற கல்லூரிக்கும் இத்தகைய கருவிகளை அனுப்பி உதவுகின்றனர், அவ்வுதவி போற்றத்தக்கது. ஆயின் பொருத்திக் கொடுத்தவர் விடுமுறை முடிந்து சென்றபின், கடவுச்சொல் எவர்க்குந் தெரியாமல் அலுமாரியிற் கிடக்கும் ஆளியால் யாது பயன்? அனுப்புவோர் அது 230 வோல்ற்றில் இயங்குமா எனப் பார்த்து அனுப்புக. அதனோடு அமைப்பை விளக்கும் ஒரு தாளையும் தமிழில் எழுதி அனுப்புக. அடுத்தமுறை ஊருக்கு வரும்போது, உயர்தர வகுப்பு மாணவர் இருவரை அருகிருத்தி, அவர்கள் கையாலேயே ஒருமுறை அழித்து ஒருமுறை அமைக்கச் செய்க. அதற்கு ஒரு பிற்பகற் பொழுது போதும்.

அவ்விருவரும் நாளை வேறிருவர்க்குக் கற்பிப்பர். அவர்கள் தம் வீட்டையும் அயலார் வீட்டையும் காப்பர். பத்திரமிழந்து கந்தோர் வாயிலில் நின்ற தலைமுறையின் பிள்ளைகள், தம் பத்திரங்களைத் தாமே காக்கும் கல்வியைப் பெறுவார்களாக. நம் கல்லூரி நீடு வாழ்க.